கோப்பின் தலையில் யார் பெயரைப் போடுவது?

போன மாதம் ஒரு சின்ன வேலைக்காக எங்கள் லைப்ரரியின் பழைய பார்சர் கோப்பைத் திறந்தேன். ஒரு ஃபங்க்ஷனில் இரண்டு வரி மாற்றினால் போதும். ஆனால் முதல் நிரல் வரி வந்ததே 41-ஆவது வரியில்தான். அதற்கு மேலே இருந்ததெல்லாம் கமென்ட்: மூன்று பேர் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் ஆண்டு வரிசை, ஜிபிஎல் 2 என்ற திறமூல உரிமத்தின் வழக்கமான மூன்று பத்திகள், கடைசியில் உரிமத்தின் பிரதி கிடைக்காவிட்டால் கடிதம் போட்டுக் கேட்கச் சொல்லி ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் பாஸ்டன் முகவரி, டெம்பிள் பிளேஸ் என்று. அந்த அமைப்பு 2005-இலேயே அங்கிருந்து ஃபிராங்க்ளின் தெருவுக்கு மாறிவிட்டது, அப்புறம் 2024-இல் அந்த அலுவலகத்தையும் மூடிவிட்டது. மூன்று பெயர்களில் ஒருவர் இந்த லைப்ரரியில் ஒரு வரிகூட எழுதியதாகக் கிட் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) வரலாற்றில் இல்லை. வேறு எதிலிருந்தோ ஹெடரை, அதாவது கோப்பின் தலையில் உள்ள இந்தக் குறிப்பை, நகலெடுத்து ஒட்டியபோது கூடவே வந்த பெயர் போலத்தான் தெரிந்தது. அந்தக் கோப்பில் பாதிக்கு மேல் எழுதிய இரண்டு பேரின் பெயர் எங்கேயும் இல்லை.

அந்த 40 வரிகளில் இன்றைக்கும் சரியாக இருப்பது எது என்று பார்த்தேன். உரிமம் எது என்பது சரி. இரண்டு பேர் பெயர் சரி. மற்றதெல்லாம் பழசு அல்லது தப்பு. புதுக் கோப்பு தொடங்குகிற ஒவ்வொருவரும் பக்கத்துக் கோப்பின் தலையை நகலெடுத்துத்தான் தொடங்குகிறோம், அதனால் இந்தத் தப்பும் கூடவே பெருகிக்கொண்டு போகிறது. லைப்ரரியைப் பராமரிக்கிற நாங்கள் நான்கு பேரும் இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று பேச ஆரம்பித்தோம், நான்கு பேருக்கும் நான்கு கருத்து. அதற்காக நான் தேடிப் படித்ததையும் கடைசியில் எனக்கு எது சரியென்று பட்டது, ஏன் பட்டது என்பதையும் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய பணமோ வழக்கோ சம்பந்தப்பட்டிருந்தால் வக்கீலிடம் போங்கள். இது தங்கள் ரெப்போவை, அதாவது நிரல் களஞ்சியத்தை, சுத்தமாக வைத்துக்கொள்ள நினைக்கிற நிரலாளர்களுக்காக.

முதலில் ஒரு சொல் விஷயம். தமிழில் காப்புரிமை என்கிற சொல்லைச் சிலர் காப்பிரைட்டுக்கும் சிலர் பேட்டன்ட்டுக்கும் எழுதுகிறார்கள், அதனால் இங்கே காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை, லைசன்ஸுக்கு உரிமம் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த இரண்டும் ஒன்றல்ல. பதிப்புரிமைக் குறிப்பு ‘இது யாருடையது’ என்று சொல்கிறது. உரிமக் குறிப்பு ‘இதை வைத்து நீங்கள் என்ன செய்யலாம்’ என்று சொல்கிறது. ஹெடரில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருவதால் ஒன்றையே பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம், பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

குறிப்பு போடாவிட்டால் உரிமை போய்விடும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 1886-இல் உருவான பெர்ன் ஒப்பந்தம், 1908-இல் பெர்லினில் திருத்தப்பட்டதிலிருந்து, பதிப்புரிமைக்கு எந்தச் சடங்கும் தேவையில்லை என்றே சொல்கிறது; எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அமெரிக்கா நீண்ட காலம் இதற்கு வெளியே நின்றது. அங்கே 1989 மார்ச் 1 வரைக்கும் குறிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமையையே இழக்க நேரிடலாம் என்ற நிலை இருந்தது, நம் தொழிலின் ஆரம்பகால நிரல்களில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் அங்கே எழுதப்பட்டது, அந்தப் பயத்தில் பிறந்த பழக்கம்தான் இன்றைக்கு வரை கோப்புக்குக் கோப்பு தொடர்கிறது. ‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்டு’ என்ற வரி அதைவிடப் பழசு, 1910-இன் புவெனஸ் ஐரிஸ் ஒப்பந்தத்திலிருந்து வந்தது. ‘எல்லா உரிமையும் எங்களுக்கே’ என்று ஒரு வரி, அதற்கு நேர் கீழே ‘யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்’ என்று இன்னொரு வரி. இப்படி முரண்பட்டு நிற்பதைக் கோ மொழியின் கோப்புகளில் பார்க்கலாம். குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியம் திட்டம் 2022-இல் அந்த வரியை எடுத்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைச் சேர்க்கவே வேண்டாம்.

அப்படியென்றால் குறிப்பே வேண்டாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் குறிப்பு கட்டாயம் இல்லை என்பதால் அது பயனற்றது என்று ஆகிவிடாது. அமெரிக்கச் சட்டப்படி சரியான குறிப்பு உள்ள பிரதி ஒருவர் கையில் இருந்திருந்தால், ‘இது யாருடையதோ என்று தெரியாமல் எடுத்துவிட்டேன்’ என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்கப் பார்ப்பது பொதுவாக எடுபடாது. அதைவிட முக்கியமானது நம் உரிமங்களே இந்தக் குறிப்பின்மேல்தான் நிற்கின்றன என்பது. எம்ஐடி உரிமம் கேட்பதே ஒன்றுதான்: மேலே உள்ள பதிப்புரிமைக் குறிப்பையும் இந்த அனுமதிக் குறிப்பையும் எல்லாப் பிரதிகளிலும் வையுங்கள். பிஎஸ்டி உரிமமும் அதையேதான் கேட்கிறது. அப்பாச்சி 2.0 உரிமம், மூல நிரலில் இருக்கும் பதிப்புரிமை, பேட்டன்ட், வணிகக்குறி, பெயர்க்குறிப்பு எல்லாவற்றையும் அப்படியே விடச் சொல்கிறது. இவையெல்லாம் ‘இருப்பதைக் காப்பாற்று’ என்கின்றன. நாம் எதுவும் எழுதி வைக்கவில்லை என்றால் அடுத்தவர் காப்பாற்ற எதுவுமில்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜேக்கப்சன் – காட்சர் வழக்கு. மாடல் ரயில்களைக் கட்டுப்படுத்த ஜேஎம்ஆர்ஐ என்று ஒரு திறமூலத் திட்டம், ஆர்டிஸ்டிக் உரிமத்தில். அதன் டீகோடர் கோப்புகளை ஒரு வணிக மென்பொருள்காரர் எடுத்துப் பயன்படுத்தினார், ஆனால் எழுதியவர்கள் பெயர் இல்லை, ஜேஎம்ஆர்ஐயின் பதிப்புரிமைக் குறிப்பு இல்லை, உரிமம் இருக்கும் கோப்பைப் பற்றிய சுட்டு இல்லை, எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றினார்கள் என்பதும் இல்லை. இலவசமாகக் கொடுத்த நிரல்தானே, இதில் என்ன நஷ்டம் என்ற கேள்வி எழுந்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், இவை வெறும் வேண்டுகோள்கள் அல்ல, உரிமத்தின் நிபந்தனைகள், மீறினால் பதிப்புரிமை மீறலாகப் பார்க்க இடமுண்டு என்று தீர்ப்பளித்தது. 2010-இல் சமரசமாக முடிந்தது, காட்சர் தரப்பு 1,00,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. திறமூல உரிமங்களுக்கு நீதிமன்றத்தில் பல் இருக்கிறது என்று காட்டிய வழக்கு இது. அது நடந்தது சில கோப்புகளின் தலையிலிருந்து பெயர்களும் குறிப்புகளும் காணாமல் போனதை வைத்து.

ஆனால் குறிப்பின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் நீண்ட காலம் எழுதிய கிறிஸ்டோஃப் ஹெல்விக், விஎம்வேர் நிறுவனத்தின் மேல் ஹாம்பர்க் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2016-இல் தள்ளுபடியானது, 2019-இல் மேல்முறையீடும் தள்ளுபடி. ஜிபிஎல் மீறல் நடந்ததா என்ற பெரிய கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. இந்தப் பொருளில் இருக்கும் இந்தப் பகுதி உங்களுடையது, அது பாதுகாப்புக்குத் தகுதியானது என்று போதுமான அளவு எடுத்துக்காட்டவில்லை என்பதிலேயே நின்றுவிட்டது. அதாவது, கோப்பின் தலையில் பெயர் இருப்பது ஓர் அறிவிப்பு. எந்த வரி யாருடையது என்பதற்கு அது கணக்குப் புத்தகம் ஆகாது. இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது தெளிவாகும்.

முதல் வழி, நாங்கள் இத்தனை நாள் வைத்திருந்தது: ஒவ்வொரு கோப்பிலும் ஆட்களின் பெயர், ஆண்டு, உரிமத்தின் முழு முன்னுரை. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஜிபிஎல்லின் பிற்சேர்க்கையிலேயே இதைத்தான் பரிந்துரைக்கிறது, குறைந்தது பதிப்புரிமை வரியும் முழுக் குறிப்பு எங்கே இருக்கிறது என்ற சுட்டும் ஒவ்வொரு கோப்பிலும் இருக்கட்டும் என்கிறது. இதன் பலம் சந்தேகமில்லாமல் ஒன்றுதான்: கோப்பு எங்கே போனாலும் எல்லாம் கூடவே போகும். ஒருவரே எழுதி ஒருவரே பராமரிக்கும் திட்டத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். பத்துப் பேர் வந்ததும் உடைய ஆரம்பிக்கிறது. எழுத்துப்பிழை திருத்தியவர் பெயர் சேர்க்கலாமா? பாதிக் கோப்பை மாற்றி எழுதியவர் கூச்சப்பட்டுச் சேர்க்காமல் விட்டால்? முதலில் எழுதியவரின் நிரல் ஒன்றுகூட மிச்சமில்லாதபோது அவர் பெயரை எடுக்கலாமா? எழுதியவர் வேலை நேரத்தில் எழுதியிருந்தால் உரிமை அவருடையதா, அவர் நிறுவனத்துடையதா? இதற்கெல்லாம் விதி வைத்திருக்கும் திட்டங்களை நான் அதிகம் பார்த்ததில்லை, வைத்திருந்தாலும் அதைப் பின்பற்ற யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அதனால் பெயர்ப் பட்டியல் மெல்ல மெல்ல வரலாறும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் நடுவில் ஏதோ ஒன்றாக ஆகிவிடுகிறது, எங்கள் பார்சர் கோப்பில் ஆனது போல. முகவரிக் கதையும் எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல: லினக்ஸ் கெர்னலுக்கு வரும் பேட்ச்களை (மாற்றங்களை) சரிபார்க்கும் ஸ்கிரிப்ட், ஹெடரில் அந்த அஞ்சல் முகவரிப் பத்தியைச் சேர்க்காதீர்கள், அந்த அமைப்பு முன்னே முகவரி மாறியிருக்கிறது, இனியும் மாறலாம் என்று எச்சரிக்கும்.

ஆண்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் மனித உழைப்பு அதிகம் வீணாகிறது. ஜனவரி பிறந்ததும் எல்லாக் கோப்புகளிலும் ஆண்டை மாற்றி ஒரு பெரிய கமிட் (கிட்டில் பதியும் மாற்றம்) போடும் வழக்கம் எத்தனையோ திட்டங்களில் இருக்கிறது. அந்த ஆண்டு எதற்கு? அமெரிக்கச் சட்டத்தின் குறிப்பு வடிவத்தில் முதன்முதலில் வெளியிட்ட ஆண்டு ஓர் உறுப்பு, அதனால் வந்தது. தொடாத கோப்பில் புது ஆண்டைப் போடுவதால் பழைய நிரலுக்குப் புது உரிமை பிறக்காது. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க் 2023 ஜனவரியில் கர்லின் கோப்புகளிலிருந்து ஆண்டுகளை மொத்தமாக எடுத்துவிட்டார். எந்த வரி எப்போது வந்தது என்பதைக் கிட் நம்மைவிடத் துல்லியமாகச் சொல்லும். எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே இல்லை: புதுக் கோப்பில் ஆண்டு வேண்டாம், போட்டே ஆக வேண்டுமென்று உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவு சொன்னால் கோப்பு பிறந்த ஆண்டை மட்டும் ஒருமுறை போட்டுவிட்டு அதன்பின் தொடாதீர்கள்.

இரண்டாவது வழி நேர் எதிர்: கோப்புகளில் எதுவுமே வேண்டாம், ரெப்போவின் மேல்மட்டத்தில் ஒரே ஒரு உரிமக் கோப்பு போதும். ரஸ்ட் மொழித் திட்டம் 2018 டிசம்பரில் தன் கோப்புகளிலிருந்து ஹெடர்களை நீக்கிவிட்டது. பதிப்புரிமை பங்களித்தவர்களிடமே இருக்கிறது என்று ஒரு தனிக் கோப்பில் சொல்லி முடித்துக்கொண்டது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. கோப்பைத் திறந்ததும் நிரல். எங்கள் குழுவில் இளையவர்கள் இரண்டு பேரும் இதைத்தான் விரும்பினார்கள், அதில் தப்பில்லை, ரெப்போ என்பது எப்போதும் முழுசாகவே பயணிக்கும் என்றால் நானும் இதையே விரும்புவேன்.

ஆனால் கோப்புகள் தனியாகப் பயணிக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு திட்டத்தில் நான் மூன்று மாலைகள் செலவழித்தது இதனால்தான். வெளியார் நிரல் வைக்கும் அடைவில் ஒரு ஹாஷ் டேபிள் கோப்பு, சுமார் 400 வரி, தலையில் எதுவுமில்லை. யாரோ எங்கிருந்தோ எடுத்து வைத்திருக்கிறார்கள், சேர்த்த கமிட்டின் செய்தி ‘ஹாஷ் டேபிள் சேர்த்தாயிற்று’ என்ற அளவில் இருந்தது. வெளியீட்டுக்கு முன் உரிமச் சோதனை செய்தபோது இது மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த ஒரு விசித்திரமான மாறிலிப் பெயரை வைத்துத் தேடினேன், அதே கோப்பு ஏழெட்டு ரெப்போக்களில் கிடந்தது, ஒன்றிலும் தலையில்லை, அவற்றின் மேல்மட்ட உரிமங்களோ ஒன்றுக்கொன்று வேறு. எது மூலம், எது நகல் என்று தெரியவில்லை. கமிட் தேதிகளை ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போய்க் கடைசியில் மூலத்தைக் கண்டுபிடித்தேன், அதிர்ஷ்டவசமாக எம்ஐடி. எழுதியவர் தன் ரெப்போவில் உரிமத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தார். அது அவருடைய கோப்போடு சேர்ந்து வரவில்லை, அவ்வளவுதான். அவர் தலையில் இரண்டு வரி போட்டிருந்தால் அத்தனை ரெப்போக்களிலும் அவர் பெயர் இருந்திருக்கும்.

ஜிபிஎல் குடும்பத்துக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ‘ஜிபிஎல் 2 மட்டும்’ என்பதும் ‘ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்பதும் வேறு வேறு அனுமதிகள், ஆனால் மேல்மட்டத்தில் வைக்கும் ஜிபிஎல் 2-இன் முழு வாசகம் இரண்டுக்கும் ஒன்றேதான். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது வழக்கமாகக் கோப்பின் ஹெடரில் மட்டும்தான் எழுதியிருக்கும். ஹெடர்களை ஒரே கமிட்டில் துடைத்துவிட்டு உரிமக் கோப்பை மட்டும் விட்டால் அந்தத் தேர்வு தொலைந்துவிடும். ஜிபிஎல் 3 திட்டத்தோடு உங்கள் நிரலைச் சேர்க்கலாமா கூடாதா என்பதே அந்தச் சில சொற்களில்தான் இருக்கிறது.

மூன்றாவது வழி, கூட்டுப் பெயர். ‘காப்பிரைட் 2014 தி குபெர்னெட்டிஸ் ஆதர்ஸ்’ என்று குபெர்னெட்டிஸ் திட்டத்தின் கோப்புகளில் பார்த்திருப்பீர்கள். கோ, குரோமியம் எல்லாமே இதே பாணிதான். இத்தனாவது ஆள், இத்தனாவது நிறுவனம் என்று பட்டியல் போடாமல் ‘இந்தத் திட்டத்தின் ஆசிரியர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. லினக்ஸ் ஃபவுண்டேஷனும் தன் திட்டங்களுக்கு 2020-இல் இந்த மாதிரியான பொதுவாசகத்தையே பரிந்துரைத்தது. இதில் ஒரு தவறான பயம் உண்டு, எங்கள் குழுவிலும் வந்தது: ‘நான் எழுதியதைத் திட்டத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டதாக ஆகிவிடாதா?’ ஆகாது. குறிப்பு எழுதுவதால் உரிமை கைமாறுவதில்லை, அதற்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். உங்கள் வரிகள் உங்களுடையவைதான், நீங்களும் அந்த ‘ஆசிரியர்கள்’ என்ற சொல்லுக்குள் ஒருவர். இதன் உண்மையான பலவீனம் வேறு: ‘ஆசிரியர்கள்’ என்பது யார் என்று தெரிய வேண்டுமானால் கிட் வரலாற்றுக்குப் போக வேண்டும், கோப்பு ரெப்போவை விட்டுப் போனால் அந்த வரலாறு கூடப் போகாது. முன்பெல்லாம் இதற்காக ஒரு ஆதர்ஸ் கோப்பு வைப்பார்கள். கோ திட்டமும் வைத்திருந்தது, 2022-இல் அதை எடுத்துவிட்டது. என் கணக்கில் திட்டத்தின் பெயர் கோப்பில் இருந்தாலே பெரும்பாடு தீர்ந்தது. அந்த ஹாஷ் டேபிளின் தலையில் திட்டத்தின் பெயர் மட்டும் இருந்திருந்தால் எனக்கு மூன்று மாலைகள் மிச்சம், ஐந்து நிமிடத்தில் மூலத்துக்குப் போயிருப்பேன்.

இங்கே அப்பாச்சி ஃபவுண்டேஷனின் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இதற்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்கே கோப்பின் தலையில் உரிமக் குறிப்பு இருக்கும், பதிப்புரிமை வரி இருக்காது. பங்களிப்பாளர் ஒப்பந்தங்களின் கீழ் ஃபவுண்டேஷனுக்கு உரிமம் கொடுக்கப்பட்டிருக்கிறது, விவரத்துக்கு நோட்டீஸ் கோப்பைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லும். பதிப்புரிமை வரியோடு கோப்பு வந்தால் உரிமையாளரே அதை எடுக்கவோ நோட்டீஸ் கோப்புக்கு மாற்றவோ வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் ஓர் அமைப்புக்கு இது பொருந்தும். எங்களைப் போல நான்கு பேர் நடத்தும் திட்டத்துக்கு அந்த அடித்தளமே இல்லை. மொசில்லாவின் எம்பிஎல் 2.0 உரிமத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த உரிமத்தின் கடமை கோப்பு கோப்பாகப் பொருந்துவது, அதனால் அது சொல்லும் சின்ன அறிவிப்பை ஒவ்வொரு கோப்பிலும் வைப்பதுதான் பாதுகாப்பு.

நான்காவது வழி எஸ்பிடிஎக்ஸ், ஒவ்வொரு உரிமத்துக்கும் ஒரு குறுங்குறி வைக்கும் பொதுமுறை. உரிமத்தின் மூன்று பத்திகளுக்குப் பதிலாக ஒரே வரி: ‘எஸ்பிடிஎக்ஸ்-லைசன்ஸ்-ஐடென்டிஃபையர்’ என்று போட்டு, ஒரு முக்காற்புள்ளி வைத்து, உரிமத்தின் குறுங்குறி. சின்னக் கணினிகளைத் துவக்கும் நிரலான யூ-பூட் 2013-லேயே இதற்கு மாறியது, பெரிய பெரிய உரிமப் பத்திகள் ஒரே தகவலைத் திரும்பத் திரும்பச் சொல்லி நிரலை ஊதவைக்கின்றன, உரிம அறிக்கை தயாரிப்பதையும் கடினமாக்குகின்றன என்பது அவர்கள் காரணம். லினக்ஸ் கெர்னல் 2017 நவம்பரில் 4.14 பதிப்பில் இதைத் தொடங்கியது. அந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் தெரிந்தது, உரிமத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத கோப்புகள் மட்டும் 11,000-க்கும் மேல் இருந்தன. குறிப்பு இருந்த மற்றவற்றிலோ ஒரே விஷயத்தைச் சொல்ல நூற்றுக்கணக்கான வேறுவேறு வாசகங்கள், எழுத்துப்பிழைகளோடு. இயந்திரம் படிக்கக்கூடிய ஒரே வரி வந்த பிறகு, ஒரு சின்னத் தேடலில் எந்தக் கோப்பு எந்த உரிமம் என்று தெரிந்துவிடுகிறது. 2021-இல் இது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது, 5962 என்ற எண்ணில். ‘மட்டும்’, ‘அல்லது பிந்தையது’ என்ற வேறுபாட்டையும் குறுங்குறியிலேயே எழுதிவிடலாம், மேலே சொன்ன ஆபத்து இதில் இல்லை.

கவனிக்க வேண்டியது, எஸ்பிடிஎக்ஸ் உரிம வரி பதிப்புரிமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்த இடத்தை ரீயூஸ் நிரப்புகிறது. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் யூரோப் 2017-இல் தொடங்கிய விதிமுறை அது. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பதிப்புரிமை வரி, ஒரு உரிம வரி, உரிமங்களின் முழு வாசகம் தனி அடைவில். ஜேசன், படம் போலக் கமென்ட் எழுத முடியாத கோப்புக்கு, அதே பெயரோடு பின்னால் லைசன்ஸ் என்று சேர்த்து ஒரு துணைக் கோப்பு, அல்லது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அமைப்புக் கோப்பு. கூடவே ஒரு கருவியும் தருகிறார்கள், விடுபட்ட கோப்புகளை அதுவே காட்டிக்கொடுக்கும். கர்ல், கேடிஈ எல்லாம் இதைப் பின்பற்றுகின்றன. குறை என்று சொன்னால், எல்லாக் கோப்புக்கும் கணக்குக் கேட்கிறது, சோதனைக்கு வைத்திருக்கும் பதினைந்து பைட் கோப்புக்குக்கூட. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐ-யில் சேர்த்த பிறகு மறந்துவிட்டோம்.

சரி, எதை எடுப்பது? எனக்கு மூன்றாவதும் நான்காவதும் போட்டியாளர்களாகவே தெரியவில்லை. ஒன்று ‘யாருடையது’ என்ற வரி, மற்றொன்று ‘என்ன செய்யலாம்’ என்ற வரி. இரண்டையும் சேர்த்து, ஆண்டில்லாமல், இரண்டே வரி. நீங்கள் ஒரே ஆளாக எழுதும் சின்னக் கருவி என்றால் கூட்டுப் பெயருக்குப் பதில் உங்கள் பெயரையே போடுங்கள், அது உங்கள் உழைப்பு, பெயர் இருக்கட்டும். ஒப்பந்தம் வாங்கும் அமைப்பு என்றால் அப்பாச்சி வழி. க்னூ திட்டத்தின் பகுதி என்றால் அவர்கள் சொல்லும் முழு முறை. கோப்புகளில் எதுவுமே வேண்டாம் என்ற வழியை, தனியாக யாரும் ஒரு கோப்பை உருவிக்கொண்டு போக வாய்ப்பே இல்லாத வகை நிரலுக்கு மட்டும்தான் நான் ஒப்புக்கொள்வேன், ஒரு பார்சரோ ஹாஷ் டேபிளோ அந்த வகையில் சேராது. உலாவிக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பாருங்கள்: நிரலைச் சுருக்கும் மினிஃபையர்கள் சாதாரணக் கமென்ட்டைத் தூக்கிவிடும், ஆச்சரியக்குறியோடு தொடங்கும் கமென்ட்டையும் லைசன்ஸ் என்ற குறி உள்ள கமென்ட்டையும்தான் வழக்கமாக விட்டுவைக்கும். இரண்டு வரியை எழுதிவிட்டு அது பில்டில் காணாமல் போனால் எழுதி என்ன பயன்.

இன்னும் ஒன்று பாக்கி, இதுதான் எல்லாவற்றிலும் கவனமாகச் செய்ய வேண்டியது. பழைய குறிப்புகளை என்ன செய்வது? நம் சொந்த வரியை நாம் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். மற்றவர் பெயர் உள்ள வரியை அழகுக்காக அழிக்கக் கூடாது. 2007-இல், ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் எழுதப்பட்ட ஒரு வயர்லெஸ் டிரைவரை லினக்ஸுக்குக் கொண்டுவரும் வேலையில், மூலக் கோப்புகளின் பிஎஸ்டி வகை உரிமக் குறிப்பை எடுத்துவிட்டு ஜிபிஎல்லை வைக்கும் பேட்ச் ஒன்று வந்தது. இரண்டு சமூகங்களுக்கும் நடுவில் பெரிய சண்டை ஆகிவிட்டது. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் தலையிட்டு, ஜிபிஎல் திட்டத்துக்குள் இப்படிப்பட்ட கோப்புகளை எப்படி வைத்துக்கொள்வது என்று அதே ஆண்டில் ஒரு வழிகாட்டியே எழுதி வெளியிட்டது. அந்தப் பேட்ச் எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவர் தன் நிரலை உலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் கேட்டது தன் பெயரையும் அந்தச் சில வரிகளையும் விட்டுவைக்கச் சொல்லித்தான், அதையும் எடுத்துவிட்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட தகவலைத் தெரிந்தே, மீறலுக்கு வழிசெய்யும் விதமாக நீக்குவது 1998-இலிருந்து தனிக் குற்றச்சாட்டும்கூட.

அதனால் எங்கள் பார்சர் கோப்பில் இப்படிச் செய்தோம். மேலே இரண்டு புது வரிகள்: திட்டத்தின் ஆசிரியர்கள் பெயரில் பதிப்புரிமை, அதற்குக் கீழே ஜிபிஎல் 2 அல்லது பிந்தையது என்ற எஸ்பிடிஎக்ஸ் வரி. உரிமத்தின் மூன்று பத்திகளையும் பாஸ்டன் முகவரியையும் எடுப்பதற்கு முன், பெயர் உள்ள மூன்று பேருக்கும் கடிதம் எழுதினோம், என்ன மாற்றுகிறோம், ஏன், உரிமத்தில் எதுவும் மாறவில்லை என்று. இருவர் ஒரே நாளில் சரி என்றார்கள், அவர்கள் பெயர் வரிகள் பழைய ஆண்டுகளோடு அப்படியே இருக்கின்றன, அது அவர்களுடையது. அந்த மூன்றாவது ஆள், எங்கள் வரலாற்றில் எங்குமே இல்லாதவர், இன்னும் பதில் போடவில்லை. அவர் எழுதிய ஏதோ ஒன்று கிட்டுக்கு முந்தைய காலத்திலிருந்து உள்ளே வந்திருக்கலாம், எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றார், நான் வேண்டாம் என்றேன், அதற்கு மேல் ஒரு டிக்கெட் திறந்து வைத்திருக்கிறோம். பதில் வரும்வரை அவர் பெயர் மூன்றாவது வரியில் இருக்கும். முதல் நிரல் வரி இப்போது எட்டாவது வரியில் வருகிறது.